‘ழ தெம்’: சேர்த்தால் குறையும் சொல்

வணக்கம்,

லியோனில் முதுகலை படிக்கிறேன். கூடப் படிக்கும் பிரெஞ்சுத் தோழி போன வாரம் என்னிடம் ‘ழ தெம் பியேன்’ என்றாள். ‘ழ தெம்’ என்றால் காதலிக்கிறேன், ‘பியேன்’ என்றால் நன்றாக. அப்படியானால் நன்றாகக் காதலிக்கிறாள் என்றுதானே பொருள்? ஆனால் அவளுக்குக் காதலன் இருக்கிறான். மின்னஞ்சலை வேறு ‘ழ தாம்ப்ராஸ்’ என்று முடிக்கிறாள். அகராதியில் ‘உன்னை முத்தமிடுகிறேன்’ என்று போட்டிருக்கிறது. என்ன பதில் சொல்வது? இன்னொன்று: முதல் வருடம் என்னைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட வயதான தம்பதிக்குக் கடிதம் எழுத வேண்டும். பாசத்தை எப்படித் தெரிவிப்பது?

ஒரு வாசகர், லியோன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை அவளுக்குப் பிடிக்கும், நல்ல தோழனாக நினைக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். காதல் அதில் இல்லை. ‘முவா ஓஸி, ழ தெம் பியேன்’ (எனக்கும் உன்னைப் பிடிக்கும்) என்று சொல்லுங்கள். ‘பியேன்’ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அது காதலைச் சொன்னதாகிவிடும்.

ஓர் ஆளிடம் சொல்லும்போது பிரெஞ்சில் வெறும் ‘ழ தெம்’தான் உச்சம். அதற்குப் பின்னால் அளவுச்சொல் வந்தால், அன்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘போக்கூ’ என்றால் நிறைய. ஆனாலும் ‘ழ தெம் போக்கூ’ பெரும்பாலும் நட்பைத் தாண்டாது. காதலை மறுக்கிறவர்களும் மனம் நோகாமல் மறுக்க இந்தச் சொற்களைத்தான் எடுப்பார்கள். ‘ழ தெம் பியேன், மே…’ என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த ‘மே’யிலேயே (ஆனால்) பதில் வந்துவிட்டது.

பாடப்புத்தகம் படித்தவர்கள் இங்கே தடுமாறக் காரணம் உண்டு. காபி, சினிமா, ஊர் போன்றவற்றுக்கு வரிசை வேறு: அடியில் ‘பியேன்’ சேர்ந்தது, அதற்கு மேல் வெறும் வினை, பிறகு ‘போக்கூ’, எல்லாவற்றுக்கும் மேலே ‘அதோரே’ (மிகமிகப் பிடிக்கும் என்னும் வினை). ஆட்கள் என்று வந்துவிட்டால் வெறும் வினை மற்ற மூன்றையும் தாண்டி மேலே போய்விடும். அதனால் ‘ழ தாதோர்’ (‘அதோரே’யை ஆளிடம் சொல்லும் வடிவம்) என்பதைத் தோழிகள் ஒருவருக்கொருவர் தாராளமாகச் சொல்லிக்கொள்வார்கள். காதலர்களும் சொல்வதுண்டு, ஆனால் ‘ழ தெம்’மை எதிர்பார்த்திருப்பவருக்கு அது போதாது.

எல்லா அளவுச்சொல்லும் குறைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஃபோர்’ (பலமாக) குறைக்காது. பெற்றோர் பிள்ளைகளிடம் ‘ழ தெம் ஃபோர்’ என்பது வீட்டுப் பேச்சு. ‘ஆ லா ஃபொலி’யும் (பைத்தியமாக) அப்படியே. டெய்சிப் பூவின் இதழ்களைப் பிய்த்துக்கொண்டே பிரெஞ்சுப் பிள்ளைகள் சொல்லும் வரிசையைக் கேளுங்கள்: ‘அன் பெ, போக்கூ, பாஸியோனேமான், ஆ லா ஃபொலி, பா தியூ தூ’. கொஞ்சம், நிறைய, தீவிரமாக, பைத்தியமாக, துளிகூட இல்லை. ‘போக்கூ’வுக்கு மேலே இன்னும் இரண்டு படி இருக்கிறது.

‘ழ தாம்ப்ராஸ்’ பற்றிக் கவலை வேண்டாம். நண்பர்களும் உறவினர்களும் கடிதத்தையும் தொலைபேசிப் பேச்சையும் முடிக்கும் வழக்கமான சொல் அது. ‘பீஸ்’, ‘பிசூ’ (முத்தங்கள்) இரண்டும் இன்னும் சகஜமானவை. அலுவலகக் கடிதத்தை முடிக்கக் ‘கோர்தியால்மான்’ (மரியாதையுடன்), கொஞ்சம் நெருக்கமானவர்களுக்கு ‘அமிக்கால்மான்’ (நட்புடன்). ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: ‘பேசே’ என்பது பெயர்ச்சொல்லாக இருந்தால் முத்தம், வினையாக்கினால் இன்றைய பேச்சில் உடலுறவைக் குறிக்கும் கொச்சை. முத்தமிடுவதற்கு ‘ஆம்ப்ராசே’தான்.

காதலன் விஷயத்திலும் ஒரு சின்னச் சொல் பொருளை மாற்றும். ‘மோன் கொப்பேன்’ (என் தோழன்) என்று அவள் அறிமுகப்படுத்தினால் காதலன். ‘அன் கொப்பேன்’ (ஒரு தோழன்) என்றால் வெறும் நண்பன். நீங்கள் அவளை அறிமுகப்படுத்தும்போது ‘மா கொப்பீன்’ (என் தோழி, அதாவது காதலி) என்று சொல்லிவிடாதீர்கள். ‘யூன் அமி’ (ஒரு நண்பி) என்றால் வம்பில்லை.

தம்பதிக்கான கடிதத்தில் பிரிவைச் சொல்ல விரும்புவீர்கள். இங்கே ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர்கள் தலைகீழாக எழுதிவிடுவார்கள். ‘ழ வூ மாங்க்’ என்றால் நான் இல்லாதது உங்களுக்குக் குறையாக இருக்கிறது என்று ஆகிவிடும். நீங்கள் தமிழிலிருந்து நேரே போங்கள்: ‘நீங்கள் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது’. ‘எனக்கு’ என்ற அந்த உருபு அப்படியே பிரெஞ்சில் இருக்கிறது: ‘வூ மெ மாங்க்கே’. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதும் இதே அமைப்பில் ‘சா மெ ப்ளே’. ஆனால் ஆளைப் பார்த்து ‘தியூ மெ ப்ளே’ என்றால் ஈர்ப்பு இருக்கிறது என்று பொருள், தோழியிடம் வேண்டாம்.

நீங்கள் அவர்களை ‘வூ’ (மரியாதையான ‘நீங்கள்’) என்றுதான் அழைத்து வந்தீர்கள் என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. பாசத்துக்கு ‘வூ’ தடையல்ல. செய்திகளை எழுதி, ‘வூ மெ மாங்க்கே போக்கூ’ என்று ஒரு வரி சேருங்கள். இந்த வினையோடு ‘போக்கூ’ அழுத்தத்தையே கூட்டும், குறைக்காது. கடைசியில் ‘ழ வூஸாம்ப்ராஸ்’ என்று போட்டுக் கையெழுத்திடுங்கள்.