பட்டறைக் கேள்வி பதில்: ஒரு மாத லீவில் ஒரு சூப்பர்சார்ஜர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, என்ஜினுக்குள் காற்றை அடித்து ஏற்றும் சூப்பர்சார்ஜரைப் பற்றித்தான். அதில் ஒன்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தக்கலை வாசகி): என் மகன் ஆன்லைனில் 'எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்' என்று ஒரு சின்ன ஃபேன் வாங்கி எங்கள் ஆல்ட்டோவின் ஏர் ஃபில்டர் குழாயில் மாட்டியிருக்கிறான். வண்டி பறக்கிறது என்கிறான். ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள், அம்மா. 800 சி.சி. என்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டாயிரம் லிட்டர் காற்றை இழுக்கும். அவ்வளவு காற்றைச் சதுர அங்குலத்துக்கு நாலைந்து பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றவே ஆயிரம் வாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது நூறு ஆம்பியர் பக்கம் வரும். அந்த ஃபேனுக்கு வரும் வயரைப் பாருங்கள், ஹார்ன் வயர் பருமன்கூட இருக்காது. அது அழுத்தம் தராது, வழியை மறித்துக்கொண்டுதான் நிற்கும். பிளாஸ்டிக் இதழ் ஒன்று உடைந்து உள்ளே போனால் வால்வு வரைக்கும் செலவு வைக்கும். பையனைத் திட்ட வேண்டாம், ஆசைப்பட்டுச் செய்திருக்கிறான்.

கேள்வி (கருங்கல் வாசகர், இப்போது ஷார்ஜாவில்): அண்ணன், நான் அங்கே ஏசி மெக்கானிக். 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன், 1.8 லிட்டர். வண்டி உடைத்து விற்கும் யார்டில் ஒரு மினி கூப்பர் எஸ்-இன் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் மலிவாகக் கிடைத்தது. ஜூலையில் ஒரு மாத லீவு. பிராக்கெட், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் நாகர்கோவில் லேத்தில் செய்து பெட்டியில் கொண்டுபோய் மாட்டலாமா? 8 பவுண்டு பூஸ்ட் வேண்டும்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நானும் பதினெட்டு வருடம் மஸ்கட்டில் ஸ்பேனர் பிடித்தவன்தான். அதனால் உங்கள் ஆசையும் புரிகிறது, எங்கே கால் வழுக்கும் என்பதும் தெரிகிறது.

முதலில் கையில் இருக்கும் சாமானைப் பாருங்கள். சூப்பர்சார்ஜர் என்பது கொல்லன் உலைத் துருத்திதான். இதை ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற இரு சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி, இரும்பு உருக்கும் உலைக்குக் காற்று ஊதிக் கொடுத்தது. உங்கள் எம்45 அதே குடும்பம். மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர், முறுக்கிய வடிவில், ஒன்றை ஒன்று தொடாமல் சுற்றும். புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. ரோட்டர் மேல் பூச்சு உரிந்திருந்தால் காற்று பின்னால் கசியும். மினியில் இதன் பின்பக்கம்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அந்தப் பின்பக்கக் கியருக்குத் தனி எண்ணெய் உண்டு, பழைய வண்டிகளில் அது வற்றிப்போய் இருக்கும். திறந்து பாருங்கள். எண்ணெய் இல்லாமல் கருகிய வாசம் வந்தால் மலிவாகக் கிடைத்தது ஏன் என்று புரியும். கியர் நன்றாக இருந்தால் அதற்குரிய எண்ணெயை மாற்றி, வாட்டர் பம்ப் இருந்த வாயை ஒரு தட்டு செய்து அடைத்துவிடுங்கள்.

அடுத்தது 8 பவுண்டு பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏற்றும் அழுத்தம். கணக்கை நாமே போடலாம். உங்கள் என்ஜின் 1,839 சி.சி. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முழுவதும் நிரம்பும். ஆக ஒரு சுற்றுக்குச் சுமார் 920 சி.சி. எம்45 தன் ஒரு சுற்றில் 45 கன அங்குலம், அதாவது 737 சி.சி. தள்ளும். என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது இது 1.8 சுற்று சுற்றினால் 1,327 சி.சி. உள்ளே போகிறது. 920 கொள்ளும் இடத்தில் 1,327, கிட்டத்தட்ட 1.44 மடங்கு. கசிவும் சூடும் கூட்டிக் கழித்தால் 6 பவுண்டு பக்கம் நிற்கும். கிராங்க் புல்லி 130 மி.மீ. என்று வைத்தால் சூப்பர்சார்ஜர் புல்லி 72 மி.மீ. 7,000 சுற்றில் ரோட்டர் 12,600 சுற்று ஓடும். உங்கள் 8 பவுண்டுக்குப் போனால் அது 13,500ஐத் தொடும். மினியிலேயே உச்ச வேகத்தில் 14,000ஐ நெருங்கும் சாமான்தான் இது. யார்டில் எடுத்த பழையதை முதல் நாளே எல்லைக்கு விரட்ட வேண்டாம். ஆறு போதும்.

இன்னொரு காரணம் ஷார்ஜா வெயில். 45 டிகிரியில் உள்ளே போகும் காற்று, இந்த அழுத்தத்துக்கு ஏறி வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று என்றால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது. உங்கள் என்ஜினே காற்றை 9.5 மடங்கு நசுக்குகிறது (கம்ப்ரெஷன் 9.5:1). சூப்பர்சார்ஜரை மனதில் வைத்துச் செய்த என்ஜின் அல்ல அது. ஏறிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இல்லாமல் ஓட்டவே கூடாது. பெட்ரோலும் அங்கே கிடைக்கும் 98தான் போட வேண்டும்.

சரி, இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காற்றை ஏற்றுவது இந்த வேலையில் கால் பங்குதான். ஏற்றிய காற்றுக்குத் தகுந்த பெட்ரோலும், தீப்பொறி விழும் நேரமும் மீதி முக்கால் பங்கு.

என் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது, பேனா வைக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். மேல் முகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள வரம்பு, கட்டைவிரல் நகம் அகலத்துக்கு உடைந்து போயிருக்கிறது. உடைந்த இடம் பளபளப்பாக இல்லை, ஆற்று மணல் மாதிரி சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கும். மஸ்கட்டில் நான் வேலை பார்த்த கேரேஜில், இரண்டு பேர் உட்காரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு நானே செய்து மாட்டிய சூப்பர்சார்ஜர் வாங்கிய பலி அது. பிராக்கெட் அழகாக வந்திருந்தது. பெல்ட் சத்தமில்லாமல் ஓடியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் மட்டும் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மலை ஏற்றத்தில் நாலாவது கியரில் முழுதாக மிதித்தபோது, கலயத்துக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல ஒரு சத்தம். நான் காலை எடுப்பதற்குள் சைலன்ஸரில் நீலப் புகை. ஐந்து விநாடிகூட இருக்காது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சூப்பர்சார்ஜர் மாட்டுவதற்கு முன்பே வைட்பேண்ட் மீட்டரை மாட்டுங்கள். சாதாரண ஓட்டத்தில் 14.7 காட்டுவது, பூஸ்டில் 11.5க்கும் 12க்கும் நடுவில் நிற்க வேண்டும். 13ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள். இப்போதைய 140 குதிரைத்திறன் 180ஐத் தொடும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 350 சி.சி. பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் நாலு வேண்டும். கம்பெனி இன்ஜெக்டர் அதற்குக் காணாது. என்ஜினின் கம்ப்யூட்டரான கம்பெனி ஈசியூவுக்கும் பூஸ்ட் என்றால் என்னவென்று தெரியாது. மெகாஸ்கொயர்ட் மாதிரி நாமே எழுதிக்கொள்ளும் ஈசியூ போட்டு, ஒரு வாரம் சூப்பர்சார்ஜர் இல்லாமலே ஓட்டி, அதை ஒழுங்குபடுத்துங்கள். வண்டி பழையபடி ஸ்டார்ட் ஆகி, ஏசி போட்டாலும் அணைந்துபோகாமல் ஐடிலில் ஓடினால்தான் அடுத்த படி. அதற்கும் முன்னால் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் டெஸ்ட். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் இந்த ஆசையை மடித்து வைத்துவிட்டு என்ஜினை இறக்குங்கள்.

அப்புறம் பிராக்கெட். வண்டி ஷார்ஜாவில், லேத் நாகர்கோவிலில். இதுதான் உங்கள் திட்டத்தின் ஓட்டை. நம் ஊர் லேத்துக்காரர்கள் கை சுத்தமானவர்கள், சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் போட் என்ஜின் ஷாஃப்ட் செய்து கொடுக்கிறவர்கள். ஆனால் அவர்களுக்கும் கண்ணால் பார்க்க என்ஜின் வேண்டும். எனவே லீவுக்கு வருவதற்கு முன் அங்கேயே கெட்டி அட்டையில் வெட்டுங்கள். என்ஜினில் எந்த போல்ட்டில் பிடிக்கப் போகிறீர்களோ அந்த ஓட்டைகளின் மேல் அட்டையை வைத்து விரலால் அழுத்தினால் வட்டம் பதியும். சூப்பர்சார்ஜரில் போல்ட் மாட்டும் காதுக்கும் அப்படியே. இரண்டு அட்டைக்கும் நடுவில் எவ்வளவு ஆழம் என்பதை மூன்று இடத்தில் அளந்து அட்டை மேலேயே எழுதுங்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட் ஒன்றும் புதிதாக வாங்கி வாருங்கள், அதைவிட நல்ல அச்சு கிடையாது.

இங்கே 12 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டில் வெட்டலாம். வெல்டிங் வைத்தால் தகடு முறுக்கும், அதனால் வெல்டிங் முடிந்த பிறகுதான் முகம் சீவ வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, பெல்ட் ஏன் புல்லியை விட்டு நழுவுகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள் நிறைய. ஒரு பக்க ஓட்டையை நீள ஓட்டையாக விடுங்கள், ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய இடம் கிடைக்கும். ஏசி கம்ப்ரஸருக்கு நீங்கள் தினமும் பார்ப்பதுதான்: புல்லி மேல் நூலை இழுத்துப் பிடித்தால் எல்லா முகத்தையும் ஒரே கோட்டில் தொட வேண்டும். ஒரு மி.மீ. தள்ளினாலும் இந்த வேகத்தில் பெல்ட் தின்னும். முழு வேகத்தில் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் போகும். பெல்ட்டின் இறுக்கம் போக, இழுவை மட்டுமே இருபது கிலோ பக்கம். எனவே நாலு வரி பெல்ட் வேண்டாம், ஆறு வரி போடுங்கள், டென்ஷனர் தனியாக வையுங்கள். இடம் போதவில்லை என்று ஏசியைக் கழற்றாதீர்கள், ஷார்ஜாவில் அது முடியாது. பவர் ஸ்டீரிங் பம்ப்பைத் தியாகம் செய்யலாம், வண்டி லேசானது.

மேனிஃபோல்டை நம் குளச்சல் பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் செய்யலாமே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. படகுக்குப் போடும் சாதாரண ரெசின் அந்தச் சூட்டில் இளகிவிடும். அலுமினியம், டிக் வெல்டிங், அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று திரும்பிச் சுற்றிவர பைபாஸ் வால்வு கட்டாயம். மினியில் அதுவும் சேர்ந்தே வரும், யார்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாத லீவில் பிராக்கெட், புல்லி, மேனிஃபோல்டு மூன்றையும் முடிக்கலாம். அங்கே போய்ப் பைய மாட்டுங்கள். என்ஜினை இப்படி மாற்றுவதற்கு அங்கே முன் அனுமதி உண்டு. அந்தத் தாளை வாங்கிய பிறகுதான் போல்ட்டைத் திருக வேண்டும். பிடித்தால் வண்டியோடு போகும், வெளிநாட்டில் வேலை செய்கிற நமக்கு அது வேண்டாத வம்பு. அட்டை வெட்டியதும் படம் எடுத்து அனுப்புங்கள், லேத்துக்குப் போகும் நாளில் நானும் வருகிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): இதே வேலையை இங்கே என் ஸ்விஃப்டில் செய்யலாமா?

பதில்: ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் கை விரிக்கும். அவ்வளவு ஆசை என்றால் ரேஸுக்கென்றே ஒரு பழைய வண்டியை ஒதுக்கி, டிரெய்லரில் ஏற்றி கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோங்கள்.

கேள்வி (தோவாளை, பாலிடெக்னிக் மாணவர்): ஆரல்வாய்மொழிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. காரின் முன்னால் பெரிய புனல் வைத்தால் அந்தக் காற்றே சூப்பர்சார்ஜர் ஆகாதா?

பதில்: நல்ல கேள்வி, கணக்கோடு பார்ப்போம். நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 50 கி.மீ. காற்று. மொத்தம் 150, விநாடிக்கு 41.7 மீட்டர். அதை இருமடி ஆக்கி, காற்றின் அடர்த்தி 1.15ஆல் பெருக்கி, பாதியாக்குங்கள். ஆயிரம் பாஸ்கல் வரும். பவுண்டுக் கணக்கில் 0.15 கூட இல்லை. மேலே கருங்கல் தம்பிக்கு நான் சொன்ன 6 பவுண்டு, நாற்பத்தோராயிரம் பாஸ்கல். புனல் எவ்வளவு பெரிதானாலும் இந்த அழுத்தம் ஏறாது. வேகம்தான் அதைத் தீர்மானிக்கிறது, வாயின் அகலம் அல்ல. காற்றாலைக்கு அழுத்தம் வேண்டாம், பரப்பு போதும், அதனால்தான் அது அவ்வளவு நீள இறக்கையோடு நிற்கிறது. நம்ப முடியவில்லையா? ஒரு ப்ளாஸ்டிக் ட்யூபை U ஆக வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாயைக் காற்றுக்குக் காட்டுங்கள். வெறும் காற்று மட்டும் 50 கி.மீ. வேகத்தில் அடித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் வரும். அளந்து எழுதுங்கள்.