வாசகர் கேள்வி – பதில்: பல் மருத்துவ மாணவரின் கைத்திறன்

கேள்வி: நான் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாண்டம் தலையில் (பயிற்சிக்கான செயற்கைத் தலை மாதிரி) பொருத்திய நெகிழிப் பல்லில் நான் வெட்டிய ஒரே குழிக்கு ஓர் ஆசிரியர் பத்துக்கு எட்டும், மற்றொருவர் ஐந்தும் அளித்தனர். இவற்றில் எதை நான் நம்புவது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. செய்த வேலையை ஒருமுறை பார்த்துவிட்டு மனத்தில் தோன்றும் எண்ணை எழுதும் வழக்கம் உள்ளவரை இந்த வேறுபாடும் இருக்கும். பெயரை மறைத்து, அதே பல்லைச் சில வாரங்கள் கழித்து அதே ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் போடும் எண்ணும் மாறக்கூடும் என்பது பல் மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தியே. ஒருவருடைய கண் முதலில் குழியின் ஆழத்துக்குச் செல்கிறது, இன்னொருவருடைய கண் சுவர்களின் ஒழுங்குக்குச் செல்கிறது. பக்கத்துப் பல்லில் பர் (வெட்டும் கருவியின் சுழலும் முனை) பட்ட கீறலை ஒருவர் பொறுத்துக்கொள்கிறார், மற்றவர் அதற்காகவே பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்யவில்லை என்பதுதான் குறை.

ஆகவே தேர்வுக்கு முன் ஆசிரியர்கள் கூடி, நன்றாகவும் சுமாராகவும் தவறாகவும் வெட்டப்பட்ட சில பற்களைத் தனித்தனியே மதிப்பிட்டு, எண்கள் எங்கே விலகுகின்றன என்று விவாதித்து ஒத்துப்போக வேண்டும். அமால்கம் (பாதரசம் சேர்ந்த உலோகக் கலவை) நிரப்பும் குழியின் ஆழம் சுமார் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் என்பது போல அளந்து பார்க்கக்கூடியவற்றை அளந்தே சொல்ல வேண்டும். அதற்காக இருபது முப்பது வரிகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் கருதவில்லை. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பல்கூழ் வரை துளைத்துவிட்ட மாணவர், மற்றப் பத்தொன்பது வரிகளிலும் மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடையும் அவலத்துக்கு அத்தகைய பட்டியல் இடம் கொடுத்துவிடும். பல்கூழைத் திறந்துவிடுவதும் பக்கத்துப் பல்லைச் சேதப்படுத்துவதும் வேறெந்தச் சிறப்பாலும் ஈடுசெய்ய முடியாத பிழைகள் எனத் தனியே குறிக்கப்பட வேண்டும்.

உங்களுக்கு ஒரு யோசனை: பல்லை ஆசிரியரிடம் நீட்டும் முன், அளவுக்கோடுகள் உள்ள ப்ரோப் என்னும் மெல்லிய கம்பிக் கருவியால் நீங்களே ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, உங்கள் மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஆசிரியரிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், எந்தச் சுவர், எந்த இடம், எவ்வளவு மிகுதி என்று கேளுங்கள். உங்கள் கணிப்பும் அவருடைய கணிப்பும் எங்கே பிரிகின்றனவோ அந்த இடத்தை உங்கள் கண் இன்னும் காணப் பழகவில்லை என்று பொருள். கண் காணாத பிழையைக் கை திருத்திக்கொள்ளாது.

கேள்வி: மேல் கடைவாய்ப் பற்களைக் கண்ணாடியில் பார்த்து வெட்டும்போது என் கை எதிர்த்திசையில் போகிறது. எனக்குக் கைத்திறனே இல்லையோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அஞ்ச வேண்டாம், தொடக்கத்தில் பெரும்பாலோருக்கும் நேர்வதுதான் இது. பல்லைத் தொடும் முன், சிறு கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு காகிதத்தில் கோடுகளும் வட்டங்களும் வரைந்து பழகுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறாமல் செய்யுங்கள். வெட்டும்போது மோதிர விரலை அருகிலுள்ள உறுதியான பல்லின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். பல்லை வெட்டும் அதிவேகக் கருவியான ஏரோட்டார் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதற்கு அழுத்தம் வேண்டியதில்லை, தூரிகையால் வருடுவது போன்ற மென்மையான தொடுகையே போதும். குனிந்து கழுத்தை வளைத்து வெட்டிய பல் அழகாகவே அமைந்தாலும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் உடலை வருத்தும். முடிந்த பல்லை மட்டும் பார்க்கும் தேர்வுக்கு இது எதுவும் தெரியாது என்பதால், வேலை நடக்கும்போதே அருகில் நின்று பார்க்கும் மதிப்பீட்டையே நான் பெரிதும் விரும்புகிறேன்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. தொடுவுணர்வு தரும் கணினிப் பயிற்சிக் கருவிகள் வந்துவிட்ட நிலையில் பாண்டம் தலை இனியும் தேவையா?

பதில்: தேவை. கணினிக் கருவியில் மாணவர் சலிப்பின்றித் திரும்பத் திரும்ப வெட்டலாம், ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் அளவும் கிடைக்கும். தொடக்க நிலைக்கு அது அருமையான துணை. ஆயினும் வாய்க்குள் கையின் இடத்தைத் தேடுவதும், கண்ணாடியில் தெறிக்கும் நீரைச் சமாளிப்பதும் பாண்டம் தலையில் இன்னும் இயல்பாகப் பழகும். நெகிழிப் பல்லுக்கும் குறை உண்டு: பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கடந்து, அதனுள் இருக்கும் மென்மையான டென்டினை அடையும் உணர்வையும், சொத்தையின் குழைவையும் அது சரியாகத் தருவதில்லை. அதற்கு, முறைப்படி கிருமிநீக்கம் செய்த இயற்கைப் பற்களில் சிலவற்றையாவது மாணவர் வெட்டிப் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் இதே படிநிலை பொருந்தும். 1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் அறிவது, எப்படி என்று அறிவது, செய்து காட்டுவது, உண்மையில் செய்வது என நான்கு படிகளைப் பிரித்தார். பாண்டம் தலைத் தேர்வு மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறது. நாக்கை அசைக்கும், உமிழ்நீர் சுரக்கும், அச்சத்தில் நாற்காலியைப் பற்றிக்கொள்ளும் மனிதர் முன் அதே மாணவர் என்ன செய்கிறார் என்பதை ஒரே ஒரு நாளில் அல்லாமல், பல நாள்களில், பல நோயாளிகளிடம், பல ஆசிரியர்கள் பார்த்துக் குறித்து வைப்பதே நான்காம் படிக்கான மதிப்பீடு. அந்தக் குறிப்புகளை அன்றைக்கே மாணவரிடம் காட்டிப் பேசுங்கள்.