சீஃப்ஸ் பாஸ் போடக் கற்றுக்கொண்டால் நாம் என்ன செய்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். நம் தென்னாப்பிரிக்க லீக்கில் ஆடும் கைசர் சீஃப்ஸ் பந்தைத் தூக்கி அடிப்பதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து பாஸ் போட்டு ஆட முயற்சி செய்கிறதே, அது சரியா, தப்பா, நமக்கு லாபமா, நஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சீஃப்ஸின் பரம எதிரியான ஆர்லாண்டோ பைரேட்ஸ் ரசிகன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஆறேழு பேர், எல்லோரும் பைரேட்ஸ், ஒரே வீட்டில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்ப்போம். சீஃப்ஸ் கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைக்காமல் பக்கத்தில் நிற்கிற டிஃபெண்டருக்குத் தட்டிவிடும்போதெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம், அடுத்த நிமிஷம் பந்து எதிராளி காலில் இருக்கிறது. இப்படியே ஆடட்டும் என்கிறேன் நான். என் மச்சான் மட்டும் 'சிரிக்காதே, நாளைக்கு நமக்குத்தான் ஆபத்து' என்கிறான். யார் சொல்வது சரி?
(ஒரு பைரேட்ஸ் ரசிகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி தம்பி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹோசே ரிவெய்ரோ பயிற்சியாளராக இருந்த காலத்தில் நம் அணி எப்படி ஆடியது என்று யோசித்துப் பாருங்கள். எதிராளியின் பெனால்டி பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் நெருக்குவது, பந்தைப் பிடுங்கிய உடனே வேகமாகக் கோலை நோக்கிப் போவது. அந்த ஆட்டத்தில்தான் 2022, 2023, 2024 என்று மூன்று வருடமும் எம்டிஎன்8 கோப்பை வந்தது, 2023-லும் 2024-லும் நெட்பேங்க் கோப்பையும் வந்தது. அப்படி ஆடுகிற அணிக்கு முன்னால் ஒருவன் தடுமாறித் தடுமாறிப் பாஸ் போட்டால் நமக்குக் கோல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஆட்கள் மூன்று நான்கு பேர் நெருக்குவதற்காக மேலே போயிருக்கும்போது அவர்களுடைய முதல் பாஸும் இரண்டாவது பாஸும் சுத்தமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நான்கு பேரும் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள், நம் டிஃபெண்டர்களுக்கு முன்னால் மைதானமே திறந்து கிடக்கிறது. கோல்கீப்பர் பக்கத்தில் தட்டிவிடுவது நம்மை வா வா என்று கூப்பிடுவதற்குத்தான். நாம் வந்தால்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கும். இப்போது அந்தக் கணக்கில் தோற்கிறார்கள், ஏனென்றால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2019-ல் வந்த விதி மாற்றம் இதை இன்னும் சுலபமாக்கிவிட்டது. முன்பெல்லாம் கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டின பிறகுதான் இன்னொருவர் தொட முடியும். இப்போது உதைத்து அசைந்தாலே போதும், டிஃபெண்டர் பெட்டிக்குள்ளேயே நின்று வாங்கிக்கொள்ளலாம். நெருக்கப் போகிறவன் அவ்வளவு தூரம் கூடுதலாக ஓட வேண்டும், அவன் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு இடம் கூடுதலாகத் திறக்கும். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம், அந்தக் காற்றில் தொண்ணூறு நிமிஷம் பந்தைத் துரத்தி ஓடுவது எப்படி இருக்கும் என்று நம் டர்பனிலிருந்து போய் ஆடிய எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த டெர்பியில், அதாவது நாமும் சீஃப்ஸும் மோதும் ஆட்டத்தில், சீஃப்ஸ் எத்தனை பாஸ் போட்டார்கள் என்று எண்ணாதீர்கள். அவர்கள் பந்தை இழந்த பிறகு வருகிற ஐந்து விநாடியைப் பாருங்கள். இழந்த இடத்திலேயே இரண்டு மூன்று பேர் பாய்ந்து வந்து சூழ்ந்துகொள்கிறார்களா, இல்லை கையை விரித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கிறார்களா? இரண்டாவதாக இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கலாம். முதலாவதாக மாறின அன்றைக்கு உங்கள் மச்சானிடம் போய் 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்லுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் நம் ஊர் மோசஸ் மபிடா மைதானத்தில் இரண்டு ஆட்டம் ஆடியது, இரண்டுக்கும் போயிருந்தேன். முதல் ஆட்டம் ஜூன் 16, இளைஞர் தினம், விடுமுறை நாள், எதிராளி சுவிட்சர்லாந்து. பந்து கிட்டத்தட்ட முழுநேரமும் ஸ்பெயின் காலில்தான். 52-வது நிமிஷத்தில் சுவிட்சர்லாந்து ஒரே ஓட்டமாக வந்தது, பெட்டிக்குள் தள்ளுமுள்ளு, கெல்சன் ஃபெர்னாண்டஸ் தட்டிப் போட்டுவிட்டார், 1-0, ஆட்டம் முடிந்தது. என் பின்னால் உட்கார்ந்திருந்தவர் 'இவ்வளவு பாஸ் போட்டு என்ன பிரயோஜனம்' என்று வுவுசெலாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து ஜூலை 7, அதே மைதானம், அரையிறுதி. இங்கிலாந்துக்கு நான்கு, அர்ஜென்டினாவுக்கு நான்கு என்று எதிர்த்தாக்குதலில் கோல் அடித்துக் குவித்துவிட்டு வந்த ஜெர்மனி. அன்றைக்கும் ஸ்பெயின் அதே பாஸ் ஆட்டம்தான் ஆடியது, ஆனால் ஜெர்மனிக்கு ஓடுவதற்குப் பந்தே கிடைக்கவில்லை. கிடைத்த நொடியில் யாராவது ஒருவர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள். அப்படி ஆடியும் கோல் எதில் வந்தது தெரியுமா? 73-வது நிமிஷத்தில் சாவி அடித்த கார்னர், புயோல் தலையால் முட்டியது. அந்த உலகக் கோப்பையை ஸ்பெயின் ஏழு ஆட்டத்தில் எட்டே கோல் அடித்து வென்றது, நாக் அவுட்டில் நான்கு ஆட்டமும் 1-0. எதிராளிக்குப் பந்தே கொடுக்காமல் வைத்துக்கொள்வது ஒரு தடுப்பாட்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கேள்வி: நான் சீஃப்ஸ் ரசிகன், உங்கள் பத்தியைக் கோபத்தோடுதான் படிப்பேன், ஆனாலும் விடாமல் படிப்பேன். எங்கள் அணிக்கு இந்த பாஸ் ஆட்டம் எதற்கு? லீக்கில் ஜெயித்துக்கொண்டே இருந்த சன்டவுன்ஸைப் பார்த்துக் காப்பி அடித்து இருந்ததையும் கெடுத்துக்கொண்டார்கள். மிடென்டார்ப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பந்தைத் தூக்கி அடித்தோம், முன்னால் நின்ற நுர்கோவிச் தலையால் முட்டினார், லீக்கில் முதல் இடத்தில் இருந்தோம். அதையே தொடர்ந்திருக்கக் கூடாதா?
(ஒரு அமாகோசி ரசிகர், ஃபீனிக்ஸ்)

பதில்: கோபத்தோடு படிக்கிறவர்தான் கவனமாகப் படிப்பார், தொடர்ந்து எழுதுங்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, 2019-20 சீசன் எந்த சீஃப்ஸ் ரசிகருக்கும் ஆறாத புண். பெரும்பகுதி நீங்கள்தான் முதலிடம். கடைசி நாளில் பரோக்காவோடு 1-1, அங்கே சன்டவுன்ஸ் பிளாக் லெப்பர்ட்ஸை 3-0 என்று அடித்தது, 59 புள்ளிக்கு 57 புள்ளி, கோப்பை போனது. அந்த ஆட்டத்தை மட்டமான ஆட்டம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீளமாக அடித்து, முட்டிச் சிதறுகிற பந்தைப் பிடித்து, கார்னர், ஃப்ரீ கிக் மாதிரியான செட் பீஸில் கோல் அடிப்பதும் ஒரு வித்தைதான், அதற்கும் பயிற்சி வேண்டும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, எதிராளி மேலே ஏறி வந்தால்தான் அது பலிக்கும். சின்ன அணி ஒன்று பத்துப் பேரையும் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் தூக்கி அடிப்பதற்கு இடமே இல்லை, அப்போது பொறுமையாகப் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி ஓட்டை தேடத் தெரிய வேண்டும். சீஃப்ஸ் மாதிரிப் பெரிய பெயருள்ள அணிக்கு எதிரே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்து நிற்பார்கள். அதனால் உங்கள் கிளப் மாற நினைத்தது சரி என்பதே என் அபிப்பிராயம். மாறின விதம்தான் தப்பு.

சன்டவுன்ஸைப் பாருங்கள். பிட்ஸோ மோசிமானே 2012 டிசம்பரில் பயிற்சியாளராக வந்தார், 2020-ல் கிளம்பும் வரைக்கும் அவர்தான். அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற ம்ங்கிதியும் மொக்வேனாவும் அவரோடு கூடவே வேலை பார்த்தவர்கள், ஆட்டத்தைக் கலைக்கவில்லை. 2016-ல் ஜமாலெக்கை வென்று ஆப்பிரிக்க சாம்பியன் ஆனார்கள், 2017-18 முதல் 2024-25 வரை எட்டு லீக் தொடர்ந்து வந்தது. இந்த ஆட்டத்துக்குத் தகுந்த கோல்கீப்பர் வேண்டும் என்று ரான்வென் வில்லியம்ஸை எடுத்தார்கள், அவர் காலால் போடுகிற பாஸைப் பல மிட்ஃபீல்டர்களே போடமாட்டார்கள். பணம் இருக்கிறது, சரி, ஆனால் பணத்தோடு பொறுமையும் இருந்தது. சீஃப்ஸில் என்ன நடந்தது? மிடென்டார்ப், ஹன்ட், மறுபடி பாக்ஸ்டர், ஆர்தர் ஸ்வானே, என்ட்செகி, ஜான்சன், நபி. 2020-லிருந்து 2024-க்குள் இத்தனை பயிற்சியாளர்கள். ஸ்வானே உண்மையிலேயே பாஸ் ஆட்டம் கொண்டுவர நினைத்தவர், சின்னப் பையன்களை நம்பியவர். 2022 ஆகஸ்டில் சன்டவுன்ஸிடம் 4-0 வாங்கின அன்றே பாதிப் பேர் அவரைக் கைவிட்டுவிட்டார்கள், ஆனால் அந்த சீசனை ஐந்தாவது இடத்தில் முடித்தார், அது முடிந்த கையோடு பொறுப்பிலிருந்து எடுத்தும் விட்டார்கள். அடுத்த வருடம் பத்தாவது இடம். செடியை நட்டுவிட்டு வேர் பிடித்ததா என்று வாரா வாரம் பிடுங்கிப் பார்த்தால் எந்தச் செடி பிழைக்கும்?

நபி காலத்தில் லீக்கில் ஒன்பதாவது இடம்தான், ஆனால் 2025 மே மாதம் நம் டர்பனிலேயே நெட்பேங்க் கோப்பை இறுதியில் எங்களை 2-1 என்று தோற்கடித்தீர்கள். பத்து வருடத்துக்கு அப்புறம் வந்த கோப்பை. அன்றைக்கு யூசுஃப் மார்ட் அடித்த கோல் எனக்கு இன்னும் வலிக்கிறது. மைதானத்துக்கு வெளியே உங்கள் ஆட்கள் அழுததையும் பார்த்தேன், மனதார வாழ்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கேள்வி: டிவியில் பந்து வைத்திருந்த சதவீதம் என்று காட்டுகிறார்களே, யாராவது கடிகாரம் வைத்து அளக்கிறார்களா?
(ஒரு வாசகி, வெருலம்)

பதில்: பல இடங்களில் கடிகாரமே கிடையாது. ஆப்டா மாதிரியான நிறுவனம் பாஸ்களை எண்ணிப் பங்கு போடுகிறது. ஓர் அணி 400 பாஸ், இன்னோர் அணி 200 பாஸ் என்றால் 67-க்கு 33 என்று திரையில் வரும். இரண்டு டிஃபெண்டர்கள் தங்களுக்குள்ளேயே பத்துத் தடவை தட்டிக்கொண்டாலும் அது கணக்கில் ஏறும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து யார் நன்றாக ஆடினார்கள் என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா.

கேள்வி: எனக்கு வயது எழுபத்தெட்டு. டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் அந்தக் காலத்தில் நம் பையன்கள் ஆடியதைப் பார்த்தவன். தரையோடு பாஸ் போடுவது ஸ்பெயின்காரன் கொண்டுவந்தது மாதிரி இப்போது பேசுகிறார்களே, இதை நீங்கள் எழுத வேண்டாமா?
(ஒரு பெரியவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: எழுதத்தான் வேண்டும் ஐயா, நீங்கள் நினைவூட்டியதற்கு நன்றி. இனவெறிச் சட்டங்கள் நம்மை நல்ல மைதானங்களுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில் கரீஸ் ஃபவுண்டன்தான் நமக்கு எல்லாமே. தரையோடு சின்னச் சின்னப் பாஸ் போடுகிற சன்டவுன்ஸ் ஆட்டத்துக்கு 'ஷூஷைன் அண்ட் பியானோ' என்று நம் நாட்டு ரசிகர்கள் பெயர் வைத்தது யாரும் பார்சலோனாவைப் பற்றிப் பேசாத நாளில். அப்புறம், இன்றைய பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் கோப்பை, 1996-97, சீஃப்ஸ், பைரேட்ஸ் ஊரான சொவெட்டோவுக்குப் போகவில்லை, மானிங் ரேஞ்சர்ஸுக்குத்தான் வந்தது, நம் டர்பன் கிளப். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் பார்த்ததை நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தை ஒரு மாதம் உங்களுக்கே விட்டுத் தருகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, டிஃபெண்டராக ஆடுகிறான். அவனுடைய பயிற்சியாளர் பந்தைத் தூக்கி அடிக்கவே கூடாது, பாஸ்தான் போட வேண்டும் என்கிறார். போன சனிக்கிழமை அவன் போட்ட பாஸ் எதிராளியிடம் போய்க் கோலாகிவிட்டது. மற்றப் பெற்றோர்கள் 'அடி, அடி' என்று கத்தினார்கள், ஒருவர் அவனைப் பார்த்துத் திட்டவே திட்டினார். வீட்டுக்கு வந்து இனிமேல் போகமாட்டேன் என்று அழுகிறான். நான் என்ன சொல்ல?
(ஒரு தாய், டோங்காட்)

பதில்: அம்மா, முதலில் அவனை ஒரு நாள் அழவிடுங்கள், ஆட்டத்தைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். பத்து வயதுப் பையனைத் திட்டின பெரியவர் செய்தது அநியாயம், அதை எந்தக் கால்பந்துக் கொள்கையும் நியாயப்படுத்தாது.

அப்புறம் பயிற்சியாளரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் சொல்லிக்கொடுப்பது நல்ல விஷயம், ஆனால் 'தூக்கி அடிக்கவே கூடாது' என்பது அந்த வயதுக்குப் பெரிய பாரம். யாருமே காலியாக இல்லையென்றால் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிடலாம், அது தோல்வி இல்லை என்று அவர் வாயாலேயே பையனிடம் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் பெற்றோர்களையும் கூப்பிட்டு, இந்த வருடம் இப்படித்தான் ஆடப் போகிறோம், சில கோல் வாங்குவோம், அதற்குப் பொறுப்பு என்னுடையது என்று அவர் சொன்னால் கத்தல் பாதி குறையும்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். சுவரில் பந்தைத் தட்டித் திரும்ப வாங்குகிற பழக்கம், பத்து நிமிஷம், இரண்டு காலாலும். நீங்கள் அவனுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், பந்து சுவரிலிருந்து திரும்பி வருவதற்குள் அவன் தலையைத் திருப்பி உங்கள் கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே சுற்றிப் பார்த்துக்கொள்கிற டிஃபெண்டரிடமிருந்து பிடுங்குவது கஷ்டம். விளையாட்டாகவே செய்யுங்கள், தப்பாகச் சொன்னால் சிரியுங்கள், அவனும் சிரிப்பான். இரண்டு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், அவன் எந்த அணி ரசிகன் என்பதையும் சேர்த்து.