சட்டைப் பையும் செல்போனும்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்குக் கல்யாணமாகி 11 வருஷம், 8 வயதில் மகள். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மூன்று மாதமாகப் போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். போனின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். போன வாரம் கரண்ட் பில் கட்டச் சொல்லி அவரே போனைக் கொடுத்தபோது, ஜிபேயில் ஒரு பெண் பெயருக்கு இரண்டு தடவை 4,000 ரூபாய் போயிருப்பதைப் பார்த்தேன். கேட்கப் பயமாக இருக்கிறது. தூங்கும்போது அவர் விரலை வைத்துப் போனைத் திறந்து, வாட்ஸ்அப்பை உன் போனில் இணைத்துவிடு என்கிறாள் தோழி. கால் லிஸ்ட் எடுத்து போலீஸில் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடலாம் என்கிறான் தம்பி. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தங்கச்சி, தூங்குகிறவர் விரலைத் தொடாதே. நானும் ஒரு காலத்தில் தேடியவள்தான், அதனால் சொல்கிறேன்.

1997-ல் என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை ஆனால் தாமதமாக வருவார். கேட்டால் ஓவர்டைம் என்பார். எங்களிடம் அப்போது செல்போன் ஏது, சட்டைப் பைதான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று தினமும் துழாவுவேன், காலரை மோந்து பார்ப்பேன். ஒருநாள் நனைத்துவிட்ட சட்டையிலிருந்து மடித்த ரோஸ் காகிதம் ஒன்று வந்தது. அடகு சீட்டு. மை பாதி கரைந்துபோய், ‘செயின் 1, 28 கிராம்’ என்பது மட்டும் தெரிந்தது. ஓடிப்போய் பீரோவைத் திறந்தால், அம்மா எனக்குப் போட்ட மூன்றரை பவுன் செயினைக் காணோம். எவளுக்கோ செலவழிக்கத்தான் வைத்திருக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டி, ஒன்பது நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். பத்தாம் நாள் அந்தச் சீட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஏலச்சீட்டில் ஏமாந்த கடனாம். வியாழக்கிழமை வட்டி கட்டப் போயிருக்கிறார். பெண் யாரும் இல்லை. ஆனாலும் பொய் பொய்தானே? அந்தக் கோபம் ஆற எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இதை வைத்து உன் வீட்டிலும் ஒன்றும் இருக்காது என்று சொல்லமாட்டேன். இருக்கலாம். அந்த ஒன்பது நாள் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நீ திருட்டுத்தனமாக எதையும் பார்க்கவில்லை. அவர் கொடுத்த போனில் கண்ணில் பட்டது. அதனால் தைரியமாகக் கேட்கலாம். மகள் தூங்கின பிறகு டிவியை அணைத்துவிட்டு உட்கார். “ஜிபேயில இந்தப் பேருக்கு ரெண்டு தடவை நாலாயிரம் போயிருக்கு. யாருங்க அது? மூணு மாசமா போன் வந்தா மாடிக்குப் போறீங்க. எனக்குப் பயமா இருக்கு.” அவ்வளவுதான். ‘எவ அவ’ என்று ஆரம்பித்துவிடாதே. அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கத்துவார், நாலாயிரம் அப்படியே நழுவிவிடும். ‘உனக்குச் சந்தேகப் புத்தி’ என்று எழுந்து போனால், அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் அதே கேள்வியைக் கேள். கை நீட்டினால் பொறுத்துக்கொள்ளாதே, பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடு.

தம்பி சொல்வது நடக்காது. கள்ள உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்க அதில் இடமில்லை. இன்றைக்கு அது விவாகரத்துக்குக் காரணம் ஆகும், ஜெயிலுக்கு ஆகாது. துணைக்குத் தெரியாமல் கால் லிஸ்ட் எடுப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2024-ல் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ரகசியப் பதிவை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தோழி காட்டலாம். அது கணவர் தன் மனைவியோடு தானே பேசியதைப் பதிவு செய்த வழக்கு. அடுத்தவர் போனுக்குள் நுழைவது வேறு, அது உன்னையே வம்பில் மாட்டிவிடும்.

ஒருவேளை அவர் வாயாலேயே ஆமாம் என்று வந்தால், அன்று ராத்திரியே எந்த முடிவும் எடுக்காதே. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் உதவி இலவசம். போய்ப் பேசு. அதற்கு முன்னால், இன்றைக்கே, உன் நகை, உன் பாஸ்புக், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள். அது வேவு இல்லை, உன் பொருள். கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.