முதலில் மனைவியிடம் சொல்லுங்கள்

கேள்வி: கத்தாரின் ராஸ் லஃபானில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக நீண்ட காலமாக வேலை செய்கிறேன். தான்சானியாவில் வரவிருக்கும் எல்.என்.ஜி. திட்டத்துக்காக ஓர் ஒப்பந்த நிறுவனம் கூடுதல் சம்பளத்தில் அழைக்கிறது. இந்த மாதமே ராஜினாமா செய்துவிட்டுத் தயாராக இருக்கச் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவின் புதிய எரிவாயு வந்துவிட்டால் கத்தாரின் காலம் முடிந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் எங்கள் இருவர் பெயரிலும் ஓடுகிறது. திட்டத்தின் இறுதி முதலீட்டு முடிவு வந்ததும் மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். போகலாமா?

பதில்: தம்பி, சம்பளத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, "இறுதி முதலீட்டு முடிவு வந்ததும் மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்று, எனக்கு அந்த ஒரு வரி போதும். முதலாளிகள் இன்னும் பணம் போட முடிவெடுக்கவில்லை. ஆனால் நீங்கள் இந்த மாதமே வேலையை விடப்போகிறீர்கள். கோடிகளை வைத்திருப்பவர்கள் காத்திருக்கும்போது, கடன் வைத்திருக்கும் உங்களுக்கு என்ன அவசரம்?

தான்சானியாவின் கடலடியில் எரிவாயு கண்டுபிடித்தது 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அரசும் பன்னாட்டு நிறுவனங்களும் அப்போதிருந்து பேசிக்கொண்டே இருக்கின்றன. எரிவாயு இருப்பது வேறு, அதை விற்பது வேறு. ஆலை கட்டக் கடன் வேண்டும். இருபது ஆண்டுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று வங்கி கேட்கும். ஆலை உறுதியா என்று வாங்குபவர் கேட்பார். புதிய நாடுகள் சிக்கித் தவிப்பது இந்தச் சுழலில்தான்.

நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு அந்தத் தவிப்பு இல்லை. பழைய ஆலைகளின் கடன் பெரும்பாலும் அடைந்துவிட்டது. எரிவாயுவோடு வரும் கண்டன்சேட் என்ற லேசான எண்ணெயை விற்றே செலவின் பெரும்பகுதியை ஈடுகட்ட முடிகிறது. அதனால் மற்றவர்கள் தாங்க முடியாத விலைக்குக் கத்தாரால் இறங்க முடியும். 2005 முதல் 2017 வரை தன் பெரிய எரிவாயு வயலான வடக்கு வயலில் புதிய திட்டங்களை நிறுத்தி வைத்திருந்த அந்த நாடு, ஆண்டுக்கு 77 மில்லியன் டன்னாக இருந்த உற்பத்தித் திறனை 2030-க்குள் 142 மில்லியன் டன்னாக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதே மாதம் இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம், ஆண்டுக்கு 7.5 மில்லியன் டன் வாங்கும் ஒப்பந்தத்தை 2028 முதல் மேலும் இருபது ஆண்டுக்கு நீட்டித்தது. காலம் முடிந்த வியாபாரியிடம் யாராவது இப்படிக் கையெழுத்துப் போடுவார்களா?

புதியவர்கள் ஜெயிக்கவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. அமெரிக்கா 2016 பிப்ரவரியில்தான் லூசியானாவின் சபைன் பாஸ் ஆலையிலிருந்து முதல் எல்.என்.ஜி. கப்பலை அனுப்பியது. 2023-இல் உலகின் மிகப் பெரிய எல்.என்.ஜி. ஏற்றுமதியாளராகிவிட்டது. ஆனால் சபைன் பாஸ் முதலில் இறக்குமதி முனையமாகக் கட்டப்பட்டது. தொட்டியும் துறையும் தயாராக இருந்தன, நாடெங்கும் குழாய் வலையும் இருந்தது. சரக்கை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்ற சலுகையைக் கொடுத்து வாங்குபவர்களையும் இழுத்தார்கள். கத்தார் அரசின் கத்தார் எனர்ஜி நிறுவனமே டெக்சாஸின் கோல்டன் பாஸ் ஆலையில் 70 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. பழையவருக்கும் புதியவருக்கும் இடையே உங்கள் நண்பர்கள் போடும் கோடு அவ்வளவு நேரானதல்ல.

நீங்கள் பார்க்க வேண்டியது மொசாம்பிக்கை. அங்கே கரையில் கட்டும் எல்.என்.ஜி. ஆலைக்கு 2019 ஜூனில் இறுதி முதலீட்டு முடிவே எடுத்துவிட்டார்கள். சுமார் 2,000 கோடி டாலர் திட்டம். இந்திய அரசு நிறுவனங்களுக்கு அதில் 30 சதவீதப் பங்கு. 2021 மார்ச்சில் பால்மா நகரத்தின் மீது தீவிரவாதிகள் தாக்குதல் நடத்தினார்கள். ஏப்ரலில் தவிர்க்க முடியாத சூழல் என்று அறிவித்து வேலையை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதே கடல் பகுதியின் ரோவுமா எரிவாயுப் படுகையில், கரையிலிருந்து விலகி மிதக்கும் கோரல் சுல் ஆலை மட்டும் 2022 நவம்பரில் முதல் கப்பலை அனுப்பிவிட்டது. செனகலும் மொரிட்டானியாவும் மிதக்கும் ஆலையோடு சிறியதாகத் தொடங்கி 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக்கு வந்தன. தான்சானியாவில் பேசப்படுவதோ கரையில் கட்டும் பெரிய ஆலை. அதாவது, மனைவியிடம் சொல்ல நீங்கள் காத்திருக்கும் அந்த முடிவு வந்தால்கூட உங்கள் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட மனைவி வேண்டியிருந்தது. அந்தக் கடனை அடைக்கும் வேலையை விடுவதற்கு மட்டும் அவர் வேண்டாமா? மாதத் தவணை தவறினால் வங்கி அவரையும்தான் கேட்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கைநீட்டுவது என்று அவர்தான் தவிப்பார். அவரை வருத்தப்படுத்தக் கூடாது என்று மறைப்பதாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். குடும்பத்தின் சோற்றில் கைவைக்கும் முடிவைத் தனியாக எடுக்க எந்தக் கணவனுக்கும் உரிமை இல்லை. இதில் நான் இம்மியும் இறங்க மாட்டேன்.

இன்றிரவே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் முழுவதும் கேளுங்கள். இருவருமாகச் சம்மதித்தால் அந்த ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்: இறுதி முதலீட்டு முடிவு வந்த பிறகே ராஜினாமா செய்வேன், பணி தொடங்கத் தாமதமானாலோ நின்றாலோ எத்தனை மாதச் சம்பளம் தருவீர்கள் என்று. அதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்து, அதை மனைவியும் படிக்கும் வரை ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.