அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை; கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். பண்ருட்டி அருகே முந்திரி ஆலை வைத்திருக்கிறோம். அப்பாவும் நானும் பங்குதாரர்கள். 71 வயதான அப்பா, மூன்று வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். வலது கை செயலிழந்துவிட்டது, பேச்சும் வரவில்லை. வைப்புத்தொகை, பங்குகள், இரண்டு மனைகள் எல்லாம் அவர் பெயரில் மட்டுமே உள்ளன. வைப்புகளுக்கு நான் நாமினி. 2019இல் எனக்குப் பொது அதிகாரப் பத்திரமும் கொடுத்திருக்கிறார். ஆடிட்டர், வக்கீல், வங்கி மேலாளர் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தங்கை பிரான்சில் இருக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அந்த மூவருக்கும் முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவர், அப்பாவுக்குச் சிகிச்சை அளிக்கும் நரம்பியல் மருத்துவர். பேச்சு வராமல் போவதும் புரிதல் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது வலது கையும் பேச்சும் சேர்ந்தே முடங்குவது வழக்கம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குக் கேட்பது புரிகிறது, பதில்தான் வெளியே வருவதில்லை. சிலருக்குப் புரிதலும் குறைகிறது. உங்கள் அப்பா இதில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தேதியிட்டு மருத்துவர் எழுதித் தரும் வரை, மற்ற மூவரின் யோசனையும் ஊகம்தான். நானும் ஆடிட்டர் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: எங்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே படிவத்தை நீட்டிவிடுகிறோம்.

அவருக்குப் புரிகிறது என்று சான்று வந்தால், நீங்கள் நினைப்பதைவிட வழி எளிது. கையெழுத்துப் போட முடியாத நோயாளிக் கணக்குதாரர், இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, கைநாட்டோ கால் பெருவிரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிமுறை இடம் தருகிறது. அந்தச் சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ஆகவே, மேலாளர் தம் அலுவலர் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். வைப்புகளில் அம்மாவின் பெயரை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று சேர்க்கும் வேலையையும் அன்றே முடித்துவிடலாம்.

புரிதல் இல்லை என்று சான்று வந்தால், உங்கள் 2019ஆம் ஆண்டுப் பத்திரம் பயன்படாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தாலே முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், முடிந்துவிடுகிறது. பத்திரம் பதிவு செய்யப்பட்டது என்பதால் இது மாறாது. எந்த நாளில் அது மிகவும் தேவைப்படுகிறதோ அந்த நாளில் செத்துப்போகும் காகிதம் அது. பிரான்சில் 2009 முதல், ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே பிற்கால இயலாமைக்காகப் பிரதிநிதியை நியமிக்கும் ஆவணம் நடைமுறையில் இருப்பதால், உங்கள் தங்கை அதைப் பற்றிக் கேட்கக்கூடும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும் கேட்பதுண்டு. இங்குள்ள மனைகளுக்கு அது உதவாது. நாமினி என்பதும் உதவாது. நாமினியின் உரிமை மரணத்துக்குப் பின்தான் தொடங்குகிறது.

அப்போது மிஞ்சுவது நீதிமன்றம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றமே. 2024 மே மாதம் அதன் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பில் போட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. உங்கள் அப்பா கோமாவில் இல்லை என்பதால் அதே தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஆனால் வாரிசுகள் அனைவரின் சம்மதமும் மருத்துவச் சான்றும் தயாராக இருந்தால் வக்கீலின் வேலை பாதியாகக் குறையும். தங்கையின் சம்மதக் கடிதம் இங்கேதான் முக்கியமாகிறது.

இனி, செய்யக் கூடாதவை. படுக்கையருகே முத்திரைத் தாளைக் கொண்டுபோய், சொத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரத்தை எழுதி வாங்கலாம் என்று உறவினர் யாராவது சொல்வார்கள். நோயாளியின் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்யச் சட்டம் இடம் தருவது உண்மைதான். ஆனால் நோயால் மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவர்மேல் ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவராகவே அதே ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கருதுகிறது. தங்கை கேள்வி எழுப்பினால், அது நியாயமான பத்திரம் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். அப்பாவின் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டுப் பணத்தை மாற்றுவதும் இதே வகைதான். ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள் என்பதால் அது அவருடைய ஒப்புதல் ஆகிவிடாது. வைப்பை முறித்து வேறு திட்டத்தில் போடச் சொல்லி வங்கியிலிருந்து யாராவது விண்ணப்பத்தோடு மருத்துவமனை வராந்தாவுக்கே வந்தால், மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

ஆலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிறுவனக் கணக்கில் பங்குதாரர் எவரும் தனியே கையெழுத்திடலாம் என்று இருந்தால் கூலி தடைபடாது. ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராக இருக்கிறீர்களா என்பதை மட்டும் ஆடிட்டர் இன்றே பார்க்கட்டும்.

மருத்துவமனைக்கு ரொக்கமாகக் கட்டும் பழக்கம் வியாபாரக் குடும்பங்களில் உண்டு. ஒரே நிகழ்வு தொடர்பாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; பிரித்துக் கட்டினாலும் தப்பாது. அபராதம், ரொக்கத்தை வாங்குபவருக்குத்தான் என்றாலும், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

மூன்று ஆலோசகர்களுக்கும் கட்டணம் உங்கள் குடும்பம் கொடுக்கிறது. ஆனால் அவர்கள் பாதுகாக்க வேண்டியது அப்பாவின் நலனை. வாரம் ஒருமுறை மூவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசுங்கள். தங்கையும் அதில் இருக்கட்டும். என்ன முடிவானது என்பதை வக்கீல் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பட்டும். செலவுக் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கட்டும். அப்பாவின் பணத்தில் அவருக்காகச் செலவான ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும், பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுத்தது உட்பட.

அம்மா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். அவர் பெயரில் உள்ள கணக்குகளையும் இந்த வாரமே கூட்டுக் கணக்காக்குங்கள். தீவிர சிகிச்சையில் தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற அந்த ஆவணத்துக்கு, 2023 ஜனவரி முதல் இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை.