தொடுறது ஒரு இடம், கிளிக் ஆகுறது வேற இடம்: டச்ஸ்கிரீன் கேள்வி பதில்

நம்ம மாவட்டத்துல இருந்து டச்ஸ்கிரீன் பத்தி கேட்டவங்களுக்கு எல்லாம் சேத்து பதில் போடுறேன். பாதிப்பேரு பிரச்சினை வந்த உடனே காலிபரேட் (தொடுற இடத்தையும் கிளிக் விழுற இடத்தையும் ஒத்துப்போக வைக்கிறது) பட்டனைத்தான் அமுக்குறீங்க, அது கடைசியா செய்ய வேண்டியதாக்கும்.

வடசேரி, மெடிக்கல் ஷாப்: அண்ணே, பில்லிங்குக்கு டச் மானிட்டர் வாங்கி பழைய மானிட்டர் கூட சேத்து மாட்டிருக்கேன், விண்டோஸ் 10. புதுசுல தொட்டா பழசுல கிளிக் ஆகுது. காலிபரேட் பண்ணியும் சரியாகல.

டச் எந்த ஸ்கிரீனோடதுன்னு விண்டோஸ் தப்பா எடுத்திருக்கு தம்பி, அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனல்ல டேப்லெட் பிசி செட்டிங்ஸ் தொறந்து ‘செட்டப்’ அமுக்குங்க. ஸ்கிரீனைத் தொடச் சொல்லி ஒரு வரி வரும், அது பழைய மானிட்டர்ல வந்தா எதையும் தொடாம கீபோர்டுல என்டர் அடிங்க, அடுத்த மானிட்டருக்கு போகும், டச் மானிட்டர்ல வரும்போது விரலை வைங்க. முடிச்சிட்டு அதே இடத்துல ‘ரீசெட்’ குடுத்து நீங்க பண்ணின காலிபரேஷனையும் அழிச்சிருங்க, இல்லன்னா அந்த கோணல் அப்படியே நிக்கும்.

தக்கலை, டீச்சர்: ஹெச்டிஎம்ஐ வயர் மாட்டியாச்சு, படம் நல்லா வருது, டச் மட்டும் வேலை செய்யல.

டீச்சர், ஹெச்டிஎம்ஐ-ல படமும் சத்தமும்தான் போகும், டச் போகாது. டச்சுக்கு தனியா யூஎஸ்பி வயர் இருக்கும், அதை கம்ப்யூட்டர்ல மாட்டுங்க.

மார்த்தாண்டம், பிரவுசிங் சென்டர்: சாரே, உபுண்டு போட்ட கம்ப்யூட்டர்ல மானிட்டரை நட்டக்குத்தலா வச்சு, செட்டிங்ஸ்ல படத்தை வலது பக்கமா (ரைட்) திருப்பிருக்கேன். படம் திரும்பிருச்சு, டச் திரும்பல. மேல இழுத்தா பக்கவாட்டுல போகுது.

இது நல்ல கேள்வி, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். படத்தை திருப்புறது டிஸ்ப்ளே வேலை, விரல் எங்க இருக்குன்னு சொல்றது இன்புட் வேலை, எக்ஸ்ஆர்க்ல (உபுண்டுல ஸ்கிரீனை நடத்துற பழைய முறை) ரெண்டும் தனித்தனி, ஒண்ணு திரும்பினா மத்தது தானா திரும்பாது. டெர்மினல்ல (கட்டளை டைப் பண்ற ஜன்னல்) எக்ஸ்இன்புட் லிஸ்ட் (xinput list) அடிச்சு டச்சோட ஐடி நம்பரை பாத்துக்கிடுங்க, எக்ஸ்ராண்டர் (xrandr) அடிச்சா ஸ்கிரீன் பேரு தெரியும், ஹெச்டிஎம்ஐ-1 மாதிரி. அப்புறம் எக்ஸ்இன்புட்ல மேப்-டு-அவுட்புட் (xinput map-to-output) குடுத்து இந்த ஐடியையும் அந்த பேரையும் போட்டா திருப்பினதையும் கணக்குல எடுத்து ஒட்டிக்கிடும், முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிரும்.

முடியலன்னா எக்ஸ்இன்புட் செட்-ப்ராப் (xinput set-prop) குடுத்து கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ்ல (Coordinate Transformation Matrix, தொட்ட இடத்தை ஸ்கிரீன் இடமா மாத்துற ஒன்பது நம்பர்) 0 1 0 -1 0 1 0 0 1 போடுங்க. முதல் மூணு நம்பர் ‘புது எக்ஸ்-க்கு பழைய ஒய்-யை எடு’ன்னு சொல்லுது, அடுத்த மூணு ‘புது ஒய்-க்கு 1-ல இருந்து பழைய எக்ஸ்-ஐ கழி’ன்னு சொல்லுது. தலைகீழா மாட்டினா -1 0 1 0 -1 1 0 0 1. ரீஸ்டார்ட் பண்ணினா இதெல்லாம் போயிரும், அதனால ஸ்டார்ட்அப்ல சேத்துருங்க.

எக்ஸ்ஆர்க்குக்கு பதிலா வந்த புது முறையான வேலாண்ட்ல லாகின் பண்ணிருந்தா எக்ஸ்இன்புட் எடுபடாது. லாகின் ஸ்கிரீன்ல பல்சக்கரம் படத்தை அமுக்கி எக்ஸ்ஆர்க் இருந்தா அதுக்கு மாறுங்க.

குளச்சல், மீன் ஏலக்கூடம்: மக்கா, தொடாமலே கிளிக் ஆகுது, சாயங்காலம் ஆனா ரொம்ப. காலிபரேட் பண்ணவா?

வேண்டாம் மக்கா. கெப்பாசிட்டிவ் ஸ்கிரீன் விரலுக்கு வர்ற மின்சார மாற்றத்தைத்தான் பாக்கும், உப்புத்தண்ணி மின்சாரம் கடத்தும், கடக்காத்து படிஞ்ச கண்ணாடியும் மீன் தொட்ட ஈரக்கையும் சேந்தா அதுக்கு விரல் மாதிரியே தெரியும். ஆஃப் பண்ணி லேசா நனைச்ச மெத்து துணியால தொடச்சு, காஞ்ச துணியால ஈரம் எடுங்க, ஓரத்தை விட்டுராதீங்க. அப்பவும் வந்தா அடாப்டரை மாத்திப்பாருங்க, பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு பாருங்க, இந்த ரெண்டுலதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். எப்பவும் கை ஈரமா இருக்குற இடத்துக்கு ரெசிஸ்டிவ் ஸ்கிரீன்தான் நல்லது, அது அழுத்தத்தை பாக்குறது, கையுறை போட்டாலும் எடுக்கும்.

தோவாளை, பூக்கடை: என் மானிட்டர் பழைய ரெசிஸ்டிவ்தான். எங்க தொட்டாலும் ஒரு விரக்கடை தள்ளியே விழுது. இதுக்கும் காலிபரேட் வேண்டாமா?

உங்களுக்குத்தான் வேணும். எங்க தொட்டாலும் ஒரே பக்கமா, ஒரே அளவு தள்ளி விழுதுன்னா அதாக்கும் நெசமான காலிபரேஷன் கோளாறு. முதல்ல ரெசல்யூஷனை மானிட்டரோட சொந்த அளவுல வச்சிட்டு, நீங்க எப்பவும் பில்லு போடுற இடத்துல உக்காந்துட்டு பண்ணுங்க, ஏன்னா நிமுந்து நின்னு பண்ணினா கண்ணாடி கனத்துல குறி மாறித் தெரியும்.